மழை பெய்யாமல் துளிர்த்த முள்

ஹெலிகாப்டர் வடக்கே போய்க்கொண்டிருந்தது. டெல்ஃபினா ஒரோஸ்கோ தெற்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ், ஊரே அந்தப் பக்கம் தேடுது. நீங்க மட்டும் இந்தப் பக்கம் என்னத்தைத் தேடறீங்க? காபிக் கடையா?" என்றான் வெண்டல்.

டெல்ஃபினா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத காலைப்பொழுதுகள் பெரும்பாலும் ஒரு பிணத்தில்தான் போய் முடியும் என்பது, ஆறு வருடமாக அவளுடைய துப்பறியும் தொழிலில் உதவியாளனாகக் குப்பை கொட்டிய வெண்டல் ப்ரூயிட்டுக்கு அத்துப்படி. அதனாலேயே அவன் வாய் ஓயாமல் பேசினான். பேசிக்கொண்டே இருந்தால் கெட்டது கொஞ்சம் எட்ட நிற்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

விஷயம் இதுதான். லெனோர் விட்கம் என்ற ஐம்பத்தெட்டு வயதுக்காரி கழுகுக்கல் தடத்தில் தன்னந்தனியாக நடக்கக் கிளம்பினாள். ஃபீனிக்ஸ் நகரத்தின் ஓரத்தில் தொடங்கி, மலையும் மணலுமாக வளைந்து போகும் நெடுந்தடம் அது. முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். நேற்று மாலை, மலைக்கு வடக்கே இருக்கும் சாலையில் அவள் கணவன் டெரன்ஸ் காரோடு காத்திருந்தான். இருட்டிய பிறகும் அவள் வரவில்லை. ஏப்ரல் கடைசியிலேயே வெயில் நூற்று மூன்று டிகிரியைத் தாண்டிய வாரம். அவசரத்துக்கு உதவும் செயற்கைக்கோள் கருவியை "இது என்ன நாய்க்குட்டியா, கூடவே வர?" என்று கிண்டல் செய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

தேடுதல் குழுவின் தலைவர் அவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. தடம் மண்சாலையைக் கடக்கும் மூன்றாவது இடத்தில், லெனோர் முன்கூட்டியே ஒளித்து வைத்த மூன்று கேன் தண்ணீரும் இல்லை. ஆக, அவள் வந்திருக்கிறாள், தண்ணீரை எடுத்திருக்கிறாள், காலிக் கேன்களை நசுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வடக்கே போயிருக்கிறாள். போதாக்குறைக்குக் கிளம்பும்போது கணவனிடம், "திரும்பி வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டா என்னை வெறுத்துடுவீங்க" என்றும் சொல்லியிருந்தாள். பெண்டாட்டி சொல்லாமல் கொள்ளாமல் வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டாள் என்று தலைவர் ஜாடையாகச் சொன்னார். விடிவதற்குள் டெரன்ஸ் டெல்ஃபினாவின் வாசலில் வந்து நின்றுவிட்டான்.

"என்னை விட்டுட்டுப் போறதுன்னாலும் போகட்டும்மா. உயிரோட போகட்டும்" என்றான். அவ்வளவுதான். டெல்ஃபினா தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

இப்போது அந்த மூன்றாவது இடத்தில்தான் நால்வரும் நின்றார்கள். ஜீப்பை ஓட்டி வந்தவள் மார்லா. தடத்தைப் பராமரிக்கும் தொண்டர் குழுவுக்குத் தலைவி, லெனோருக்கு முப்பது வருடத் தோழி. அழுது அழுது கண் வீங்கியிருந்தாலும் எல்லோருக்கும் முட்டையை ரொட்டியில் வைத்து ப்ரிட்டோ சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். வெண்டல் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெற்கே, வெயில் புகைக்குள் ஃபீனிக்ஸ் நகரத்தின் கட்டடங்கள் தெரிந்தன. அங்கே பாதி வீட்டுப் புழக்கடையில் நீச்சல்குளம் இருக்கிறது. இங்கே கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் கிடையாது. ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நாக்கு வறண்டு செத்தவர்கள் வருடத்துக்கு வருடம் உண்டு. வெண்டலுக்கு இந்த இடமே பிடிக்கவில்லை.

டெரன்ஸ் ஐஸ் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு பாட்டில் எடுத்துக் கொடுத்தான். பிறகு, அடியில் உருகிக் கிடந்த தண்ணீரை அப்படியே மண்சாலையில் கவிழ்த்தான். புழுதி அதை ஒரே மடக்கில் குடித்தது.

"டெரன்ஸ்!" மார்லா பதறினாள். "என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணிட்டேன்? அழுக்குத் தண்ணிதானே."

"பரவால்ல மேடம், அவர் சியாட்டில்காரர்" என்றான் வெண்டல். "அங்கெல்லாம் மழையை வெளியே போன்னு விரட்டுவாங்களாம்."

டெரன்ஸ் சிரிக்கவில்லை. டெல்ஃபினா கேட்டாள், "கேன்களை எங்கே வெச்சீங்க? யார் யார் வெச்சீங்க?"

"மூணு பேரும் சேர்ந்துதான், போன சனிக்கிழமை" என்றாள் மார்லா. மஞ்சள் பூ கொட்டிக் கிடந்த ஒரு பாலோ வெர்டே மரத்தடிப் புதரைக் காட்டினாள். "இந்தப் புதருக்குள்ள. மேல கல்லு வெச்சு மூடினோம். அவ பேரு எழுதி, தொடாதீங்கன்னும் எழுதினோம்."

"வேற யாராவது எடுத்திருப்பாங்களா?"

மார்லாவும் வெண்டலும் ஒரே நேரத்தில் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். இந்தப் பக்கத்தில் பேர் எழுதி வைத்த தண்ணீரை யாரும் தொடமாட்டார்கள். பர்ஸைத் திருடுகிறவன்கூடத் தொடமாட்டான்.

"அவதான் எடுத்தா" என்றாள் மார்லா. "லெனோர் ஒரு மிட்டாய்க் காகிதத்தைக்கூடத் தடத்துல விட்டு வரமாட்டா. காலிக் கேனையா விடுவா? இங்கே நின்னு நேரத்தை வீணாக்க வேண்டாம். வடக்கே போவோம்."

டெல்ஃபினா புதரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பின்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். விரலை மட்டும் அசைத்து வெண்டலைக் கூப்பிட்டாள்.

"என்ன பாஸ்?"

"முன்னாடி என்ன தெரியுது?"

"முள்ளு. நேத்தும் முள்ளுதான், நாளைக்கும் முள்ளுதான்."

"நல்லாப் பாருடா."

சரிவு முழுக்க ஒகோட்டியோ. தரையிலிருந்து விரிந்து ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சாம்பல் நிற முள்குச்சிகள், நுனியில் மட்டும் சிவப்பாக ஒரு கொத்துப் பூ. ஒன்றிலும் இலை இல்லை. மழை பெய்தால் சில நாளில் அடி முதல் நுனிவரை பச்சையாக இலை விடும். ஈரம் வற்றினால் அத்தனையையும் உதிர்த்துவிட்டுப் பழையபடி குச்சியாகிவிடும். தாமிரச் சுரங்க ஊரான அஹோவில் பிறந்த வெண்டல் இதையெல்லாம் நடக்கப் பழகும்போதே தெரிந்துகொண்டவன்.

கண்ணெதிரே இருந்த ஒரு செடி மட்டும் அடி முதல் நுனிவரை பச்சைப்பசேல் என்றிருந்தது.

வெண்டல் மெல்லுவதை நிறுத்தினான். "கடைசியா மழை எப்போ பாஸ்?"

"பிப்ரவரி."

"அப்போ இதுக்கு மட்டும் யாரு..." முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

"மெதுவாப் பேசு" என்றாள் டெல்ஃபினா. "இவ்வளவு இலை விடணும்னா நாலஞ்சு நாளாவது ஆகும். லெனோர் இந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டியது முந்தாநாள். அவ வர்றதுக்கு முன்னாடியே யாரோ மூணு கேனையும் இங்கே கொட்டிட்டுக் காலிக் கேனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவ நாக்கு வறண்டு வந்து கல்லைப் புரட்டியிருக்கா. கீழே ஒண்ணும் இல்ல."

"யாருக்கு இந்த இடம் தெரியும்?"

"மூணு பேருக்கு. ஒருத்தியைக் காணோம். மிச்ச ரெண்டு பேரும் நம்ம ஜீப் பக்கத்துல நிக்கறாங்க."

வெண்டல் புதர் ஓரமாக ஜீப் பக்கம் எட்டிப் பார்த்தான். டெரன்ஸ் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மார்லா அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புருஷன்தான் பாஸ். வெறுத்துடுவீங்கன்னு அவ சொன்னதும் இன்னொருத்தன் இருக்கான்னு புரிஞ்சிருக்கும். பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி நிக்கறான் பாருங்க. போய் அமுக்கிடட்டுமா?"

"ஒருத்தரையும் அமுக்க வேண்டாம். தண்ணியைக் கொட்டினது யாருன்னு நாளைக்குக் கண்டுபிடிச்சாலும் கண்டுபிடிச்சதுதான். லெனோருக்கு இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் நேரம். தண்ணி இல்லாதவ ரெண்டு நாள் நடையில இருக்கற வடக்குச் சாலைக்குப் போகமாட்டா. பக்கத்துல தண்ணி எங்கே இருக்கோ அங்கேதான் போயிருப்பா."

ஜீப்பருகே வந்ததும் சும்மா கேட்பதுபோல் கேட்டாள், "இந்தச் சுத்துவட்டாரத்துல தண்ணி எங்கேயாவது உண்டா?"

"கோவேறுப் பள்ளத்துக்கு மேல ஒரு மாட்டுத்தொட்டி இருக்கு" என்றான் டெரன்ஸ். "லெனோர் ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்கா."

"இருந்துது" என்றாள் மார்லா. "போன வருஷமே விரிசல் விட்டு வத்திப்போச்சு. நானே பார்த்தேன். பொட்டுத் தண்ணி கிடையாது."

அப்போதுதான் வெண்டல் குதித்தான். கழுத்தில் நனைத்துக் கட்டியிருந்த கைக்குட்டையில் இரண்டு தேனீ.

"ஐயோ! பாஸ், என்னைப் பார்த்தா பூ மாதிரியா இருக்கு?"

"ஈரத்துணி மாதிரி இருக்கு. ஆடாம நில்லு."

தேனீக்கள் கைக்குட்டையை உறிஞ்சிவிட்டுக் கிளம்பின. இன்னும் இரண்டு தலைக்கு மேல் பறந்து போயின, பின்னாலேயே மற்றொன்று. எல்லாம் ஒரே திசை. மேற்கே, பள்ளத்துக்குள். இந்த வெயிலில் தேனீ வேடிக்கை பார்க்கப் போகாது. கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் சுமக்கத்தான் போகும்.

"தொட்டி வத்திப்போன சேதியைத் தேனீக்கு யாரும் சொல்லலை போலிருக்கு" என்றாள் டெல்ஃபினா. தோள்பையை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

பள்ளத்துக்குள் காற்றே இல்லை. இருபுறமும் கரும்பாறை. காலடியில் மணல் ஓடை, எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. மேலே இரண்டு கழுகுகள் அவசரமே இல்லாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. டெரன்ஸ் அண்ணாந்து அவற்றைப் பார்த்தவன், பிறகு தலையைத் தூக்கவே இல்லை. வெண்டல் அவனுக்கு ஓரடி பின்னால், அவன் பையின் வாரை எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே நடந்தான். புருஷன் அழுகிறான் என்பது தெரிந்தது. அழுகையெல்லாம் யாருக்கும் வரும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

மார்லா எல்லோருக்கும் முன்னால் வேகமாகப் போனாள். வயதுக்கு அந்த வேகம் அதிகம்.

"மார்லா" என்று டெல்ஃபினா குரல் கொடுத்தாள். "மணல்ல நடக்காதீங்க. ஓரமா பாறையில நடங்க."

மார்லா மிதித்து வந்த இடத்தைத் தாண்டி, மணலில் ஒரு காலணித் தடம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு தடம் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஓர் இழுப்பு. மறுபடி ஒரு தடம், மறுபடி ஓர் இழுப்பு. ஒற்றைக்காலை இழுத்துக்கொண்டு யாரோ மேலே போயிருக்கிறார்கள். கீழே திரும்பி வந்ததற்கு அடையாளம் இல்லை.

"லெனோர்!" டெரன்ஸ் கத்தினான். பாறைகள் அந்தப் பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லின. பதில் இல்லை.

வளைவைத் தாண்டியதும் தொட்டி தெரிந்தது. துருப்பிடித்த பெரிய இரும்புத் தொட்டி. விரிசல் இருந்தது உண்மைதான். விரிசலுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பாசித் தண்ணீர் நின்றதும் உண்மை. விளிம்பெல்லாம் தேனீ மொய்த்தது. அதன் நிழலில் ஓர் உருவம் சுருண்டு கிடந்தது. பச்சைத் தண்ணீரில் நனைத்த சட்டை தலையை மூடியிருந்தது. ஒரு கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது.

சட்டை லேசாக ஏறி இறங்கியது. மூச்சு இருந்தது.

டெரன்ஸ் பாட்டிலைத் திறந்துகொண்டே ஓடினான். வெண்டல் பாய்ந்தான். இருவரும் கட்டிப்புரண்டு கற்களில் விழுந்தார்கள். வெண்டலின் முழங்கையில் கள்ளிமுள் ஒரு கொத்து ஏறியது. அவன் விடவில்லை, டெரன்ஸின் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"விடுடா! என் பெண்டாட்டிடா!"

"அதனாலதான் சார் விடலை!"

அதற்குள் மார்லா போய்ச் சேர்ந்திருந்தாள். மண்டியிட்டு, தோழியின் தலையை மடியில் தூக்கி வைத்து, தன் பாட்டிலை அவள் உதட்டில் வைத்தாள். "லெனோர், கண்ணு... நான்தான். குடிம்மா."

லெனோர் கண்ணைத் திறந்தாள். மார்லாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் பாசித் தண்ணீரைத் துணியில் பிழிந்து உயிரைப் பிடித்து வைத்திருந்தவள் அவள். வெடித்த உதட்டின்மேல் குளிர்ந்த தண்ணீர் வழிந்து, கன்னத்தில் ஓடி, மண்ணில் சொட்டியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"வெண்டல்" என்றாள் டெல்ஃபினா அமைதியாக. "அந்த மனுஷனை விட்டுட்டு எழுந்திரு. தப்பான ஆள்மேல உட்கார்ந்திருக்கே."

டெரன்ஸ் தவழ்ந்து போனான். அவன் பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தான். லெனோர் அதைக் குடித்தாள். ஒரு மூடி, இன்னொரு மூடி. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை.

மார்லா எழுந்து இரண்டடி பின்னால் போனாள். டெல்ஃபினா வழியை மறித்து நின்றாள்.

"உங்களுக்குப் பைத்தியமா?" என்றாள் மார்லா. "அவளுக்கு வெயில்ல புத்தி கலங்கியிருக்கு."

"இருக்கலாம். எனக்குக் கலங்கலையே. அந்தத் தண்ணியை டெரன்ஸ் கொட்டியிருந்தா எங்கே கொட்டியிருப்பார்? நின்ன இடத்துலயே கொட்டியிருப்பார். காலையில ஐஸ் பெட்டியை அப்படித்தானே கவிழ்த்தார்? மழையில பொறந்தவருக்குத் தண்ணின்னா தண்ணி, அவ்வளவுதான். இது அப்படிக் கொட்டின தண்ணி இல்ல. புதருக்குப் பின்னாடி தூக்கிட்டுப் போய், ஒரு செடியோட காலடியில சிந்தாம ஊத்தியிருக்கு. இந்த மண்ணுல பொறந்த கைதான் அதைச் செய்யும். காலிக் கேனையும் குப்பையா விட மனசில்லாம எடுத்துட்டுப் போயிட்டீங்க. அப்புறம், வத்தாத தொட்டியை வத்திப்போச்சுன்னீங்க. மணல்ல இருந்த தடத்தை மிதிச்சுக்கிட்டே வந்தீங்க."

மார்லா தொட்டியின் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டாள். "வெறும் மண்ணுல கொட்டியிருந்தா?"

"எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"கை வரலை" என்றாள் மார்லா. "நல்ல தண்ணி. சும்மா மண்ணுல ஊத்தக் கை வரலை."

அதைச் சொல்லும்போதுதான் அவள் நிஜமாகவே அழுதாள். முப்பது வருடம் கூடவே நடந்தவளை நாக்கு வறண்டு சாக அனுப்பிய கைதான் அது. வெண்டல் தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். தானும் அந்தச் செடிக்குத்தான் ஊற்றியிருப்பான் என்பது அவனுக்குத் தெரியும். அந்த நினைப்பே அவனுக்குப் பிடிக்கவில்லை. வாக்கி-டாக்கியை எடுத்து ஹெலிகாப்டரைத் திரும்பக் கூப்பிட்டான்.

"டெரன்ஸ்" என்றாள் லெனோர். குரல் காய்ந்த சருகாக வந்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னேனே."

"இப்போ வேண்டாம். பேசாதே."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பள்ளத்தாக்கு ரோட்டுல ஒரு பையன் சைக்கிள்ல போய் அடிபட்டுச் செத்தான். கார் நிக்காமப் போயிடுச்சே, ஞாபகம் இருக்கா?"

ஊருக்கே ஞாபகம் இருந்த வழக்கு அது. பையனின் அம்மா பல தடவை டெல்ஃபினாவின் அலுவலகப் படியேறியிருக்கிறாள். டெல்ஃபினா திரும்பிப் பார்த்தாள்.

"மார்லாதான் ஓட்டினா. பக்கத்துல நான் இருந்தேன். நிறுத்துன்னு நான் சொல்லலை. அவன் கை அசைஞ்சதைப் பார்த்தேன், அப்பவும் சொல்லலை." லெனோர் மூச்சு வாங்கினாள். "இந்த நடையை முடிச்சதும் போலீஸ்கிட்ட சொல்லிடுவேன்னு போன சனிக்கிழமை இவகிட்ட சொன்னேன். அன்னிக்குத்தான் கேன் வெச்சோம்."

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் சொல்லலாம்" என்றாள் டெல்ஃபினா.

"இல்ல. நடந்து முடிச்சுட்டுச் சொல்றேன்னு ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். நடந்து முடிக்கவும் முடியலை. இப்பவே சொல்லிடறேன். நீங்க எல்லாரும் சாட்சி."

டெரன்ஸின் கை பாதியில் நின்றுவிட்டது. மூடியில் இருந்த தண்ணீர் தளும்பியது. அவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று வெண்டலால் சொல்ல முடியவில்லை. வெறுப்பா, வேறேதாவதா? லெனோர் அவனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். தூரத்தில், மலைக்கு அந்தப்புறம், ஹெலிகாப்டர் சத்தம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தது.

டெரன்ஸ் மனைவியின் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினான்.

"குடி" என்றான். "அந்தப் பையனோட அம்மாகிட்டயும் நீதான் சொல்லணும். அதுக்குத் தொண்டை வேணும்."

அவள் குடித்தாள்.